நினைவைச் சுமக்கும் விதிகள்: வெளிநாட்டுக் கல்விக்கான நினைவு உதவித்தொகைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம்)



மறைந்த ஒருவரின் பெயரில் ஒரு தொகையை வைப்பாக இட்டு, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு நற்செயல் நடைபெறச் செய்வது தமிழகப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய வழக்கம். இன்றைய சொற்பொழிவும் அத்தகையதொரு வைப்பின் பயனே. இதே முறையில், ஒரு மாணவரை அயல்நாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்பதற்கென்று நிறுவப்படும் நினைவு உதவித்தொகையும் இதன் பெரிய வடிவமே என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் சொற்பொழிவு ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடுகிறது. உதவித்தொகையோ ஒரு மனிதரை அவர் பிறந்த ஊரிலிருந்து பெயர்த்து, அவர் அதுவரை கேட்டிராத கேள்விகள் கேட்கப்படும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே படித்து முடித்தபின், தமக்குப் பொருள் தந்த பெயரைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை நிறுவியவர் எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

நினைவு உதவித்தொகை என்பது இங்கு இரு பொருளில் ஆளப்படுகிறது. இறந்தவர் தம் உயிலின் வழியே தமக்கென ஏற்படுத்திக்கொண்டது ஒன்று. இறந்தவருக்காகப் பிறர் ஏற்படுத்தியது மற்றொன்று. இரண்டிலும் பெயர் வாயிலில் நிற்கிறது, நினைவு விதிகளுக்குள் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கருத்து. அவ்விதிகளுள் இரண்டு தலையாயவை: யாரைச் சேர்த்துக்கொள்வது என்னும் நுழைவு விதி, சேர்ந்தவரிடம் கைம்மாறாக எதைக் கேட்பது என்னும் கடப்பாட்டு விதி. மறைந்தவர் எப்படிப்பட்டவர், அல்லது அவரை நினைப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைக் கல்வெட்டுப் புகழுரைகளைக் காட்டிலும் இவ்விரு விதிகளே தெளிவாகச் சொல்கின்றன.

1. கல்லும் உதவித்தொகையும்

நினைவுச்சின்னமாகக் கல்லை நடுவதா, மாணவரை அனுப்புவதா என்ற தெரிவு எழுந்தபோது இரண்டையும் ஒருங்கே செய்த நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963இல் கொல்லப்பட்டதை அடுத்து, பிரிட்டனில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1964ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி, மாக்னா கார்ட்டாவோடு தொடர்புடைய ரன்னிமீடில் ஓர் ஏக்கர் நிலம் அமெரிக்காவுக்கு வழங்கப்பட்டது. அங்கு நிறுவப்பட்ட போர்ட்லண்டுக் கல்லை 1965 மே 14 அன்று எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். திரட்டிய நிதியின் மறுபகுதி, பிரிட்டானிய மாணவர்கள் ஹார்வர்டிலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பயில்வதற்கான கென்னடி உதவித்தொகையாயிற்று. வியட்நாம் போருக்கு எதிரான கிளர்ச்சிகள் ஓங்கியிருந்த 1968இல் அந்தக் கல் வெடிகுண்டால் சேதமுற்றுப் பின்னர் சீராக்கப்பட்டது. அமெரிக்காவின் மீதான சினத்தைக் கல் தன்மேல் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்கா சென்று படித்த மாணவர்களோ அந்தச் சினத்தின் காரணங்களை நேரில் ஆராயவும், அதில் பங்கேற்கவும், மறுக்கவும் வாய்ப்புப் பெற்றிருந்தனர்.

எதிர்த்திசையில் அமைந்தது மார்ஷல் உதவித்தொகை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஐரோப்பாவை மீட்டெடுத்த அமெரிக்க உதவித் திட்டத்துக்கு நன்றிக்கடனாகப் பிரிட்டன் 1953இல் சட்டம் இயற்றி, அமெரிக்க மாணவர்கள் பிரிட்டனில் பயில அரசு நிதியில் இதை ஏற்படுத்தியது. அப்போது ஜார்ஜ் மார்ஷல் உயிரோடு இருந்தார். ஆகவே நினைவுகூரப்பட்டது ஒரு செயலே அன்றி ஒரு மரணம் அன்று. கருதத்தக்கது அதன் நுழைவு விதி: தொடக்கம் முதலே பெண்களும் இதற்குத் தகுதி பெற்றிருந்தனர், எந்தப் பிரிட்டானியப் பல்கலைக்கழகத்திலும் பயிலலாம். இதை வகுத்தவர்களின் கண்முன் நின்ற முன்மாதிரியில் இவ்விரண்டுக்குமே இடமில்லாதிருந்தது. அந்த முன்மாதிரியைத்தான் அடுத்துச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

2. ரோட்ஸ் உயிலின் நுழைவு விதி

சிசில் ரோட்ஸ் 1902 மார்ச் 26 அன்று, 48ஆம் வயதில் இறந்தார். கிம்பர்லியின் வைரச் சுரங்கங்களை ஒன்றுசேர்த்து டி பியர்ஸ் நிறுவனத்தின் வழியே பெருஞ்செல்வம் ஈட்டியவர். கேப் குடியேற்றத்தின் முதலமைச்சராக இருந்தபோது, ஆப்பிரிக்கர்களின் நிலவுரிமையைச் சுருக்கி அவர்களைக் கூலி உழைப்புக்குத் தள்ளிய 1894ஆம் ஆண்டு கிளென் கிரே சட்டத்தைக் கொண்டுவந்தவர். தம் பெயராலேயே ஒரு நாடு அழைக்கப்படும் அளவுக்கு நிலம் கவர்ந்தவர். இளமையில், 1877இல் எழுதிய உயில் ஒன்றில், பிரிட்டானியப் பேரரசை உலகெங்கும் விரிவாக்குவதற்கென ஓர் இரகசியச் சங்கம் அமைக்கத் தம் பொருளை ஒதுக்கினார். அந்தச் சங்கம் காலப்போக்கில் உதவித்தொகையாக உருமாறி, 1899ஆம் ஆண்டு உயிலில் இடம்பெற்றது.

அந்த உயில் ஒரு நுழைவு விதி எவ்வளவு பேசும் என்பதற்குத் தக்க சான்று. புத்தகத்திலேயே மூழ்கிக்கிடப்பவர்கள் வேண்டாம் என்று கருதிய ரோட்ஸ், கல்வித் தேர்ச்சியோடு ஆடுகளத் திறமையும், உண்மை, துணிவு, எளியோர்பால் பரிவு முதலிய பண்புகளும், தலைமை ஏற்கும் இயல்பும் வேண்டும் என்று வகுத்தார். மாணவர் அனைவரும் ஆண்கள். அனைவரும் செல்லவேண்டியது ஆக்ஸ்ஃபோர்டு. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா முதலிய குடியேற்றங்களுக்கும் அமெரிக்க மாநிலங்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவுக்கு ஒன்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் குறிப்பிட்ட நான்கு பள்ளிகளின் பெயர்கள் உயிலிலேயே எழுதப்பட்டதால், அப்பள்ளிகள் யாரைச் சேர்க்கவில்லையோ அவர்கள் உதவித்தொகையிலிருந்தும் தாமாகவே விலக்கப்பட்டனர். ஒரு பிரிவினரை விலக்க வேண்டுமானால் அவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள் நுழைய முடியாத வாயிலொன்றைக் குறிப்பிட்டால் போதும் என்பதை இந்தப் பள்ளிப்பட்டியல் காட்டுகிறது.

இதனோடு முரண்படுவதாகத் தோன்றும் வாசகமொன்றும் அவ்வுயிலில் உண்டு: இனத்தையோ சமயத்தையோ காரணம் காட்டி எவரையும் தகுதியுடையவராகவோ தகுதியற்றவராகவோ கொள்ளக்கூடாது என்பது அதன் கருத்து. அக்காலத் தென்னாப்பிரிக்க வழக்கில் இனம் என்பது பெரும்பாலும் ஆங்கிலேயர், டச்சு வழியினர் என்ற வேறுபாட்டையே குறித்தது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குவர். ஆனால் எழுதப்பட்ட சொல், எழுதியவரின் மனத்தோடு கட்டுண்டு கிடப்பதில்லை. 1907இல் பென்சில்வேனியாவிலிருந்து ஆலன் லாக் என்னும் கறுப்பின மாணவர், பின்னாளில் ஹார்லம் மறுமலர்ச்சியின் சிந்தனையாளராக விளங்கியவர், தேர்ந்தெடுக்கப்பட்டபோது அமெரிக்கத் தென்மாநிலத்தவரின் எதிர்ப்பு எழுந்தது, உயிலின் வாசகம் அறங்காவலர்களின் கைகளைக் கட்டியது, தேர்வு நிலைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரிகள் சில அவரைச் சேர்க்க மறுத்தன. ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி சேர்த்துக்கொண்டது. சக அமெரிக்க மாணவர்களில் தென்மாநிலத்தவர் அவரோடு விருந்தில் அமர மறுத்தனர். அவருக்குப் பிறகு 1963 வரை வேறொரு கறுப்பின அமெரிக்கர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. ஆவணத்தில் ஒரு நல்ல வாசகம் இருந்தும், அதை நடைமுறைப்படுத்தும் தேர்வுக் குழு அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு இந்த இடைவெளி சான்று.

பெண்களின் நுழைவு வேறொரு வழியில் நிகழ்ந்தது. ஆண்கள் என்று உயில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தமையால், வாசகத்துக்குப் புதுப்பொருள் கொள்ள இடமில்லை, சட்டமே தேவைப்பட்டது. கல்வி அறக்கட்டளைகள் பாலின வரையறையை நீக்கிக்கொள்ள பிரிட்டனின் 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாடு தடைச் சட்டம் வழிசெய்தது. 1976இல் மாற்றம் நிறைவேறி, 1977இல் முதல் பெண்கள் ஆக்ஸ்ஃபோர்டு சென்றனர். இந்தியாவுக்கு 1947இல் இடம் கிடைத்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மாணவர்க்கு வாயில் திறந்தது 1970களில்தான்.

அறக்கட்டளைச் சட்டத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு கோட்பாடு உண்டு. நிறுவியவர் குறித்த பயன் நிறைவேற்ற இயலாததாகவோ காலத்துக்குப் பொருந்தாததாகவோ ஆகும்போது, அவருடைய பொது நோக்கத்துக்கு மிக அண்மையான வேறொரு பயனுக்கு நிதியைத் திருப்பலாம் என்பது அது. இந்தியாவிலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பொது அறக்கட்டளைகளுக்கு இவ்வழியைத் தருகிறது. எனினும் நீதிமன்றம் சென்று திருத்தம் பெறுவது ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளையின் ஆண்டு வருவாயையே விழுங்கிவிடக்கூடும். ஆகவே, திருத்தும் அதிகாரத்தை அறங்காவலர்க்கு முதல் ஆவணத்திலேயே எழுதிவைப்பது அறிவுடைமை. ரோட்ஸ் உயில் ஆண்டுக்கு 300 பவுண்டு என்று தொகையையும் எண்ணால் குறித்திருந்தது; முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியதும் அது போதாமற் போயிற்று. நம் பல்கலைக்கழகங்களில் எண்ணால் குறிக்கப்பட்ட பரிசுத்தொகைகள் இன்று ஒரு நூல் வாங்கவும் பற்றாத நிலையில் தொடர்ந்து வழங்கப்பட்டுவருவதை இந்த அவையினர் நன்கறிவர்.

3. நிறுவியவர் எதிர்பாராத மாணவர்கள்

நுழைவு விதி எவ்வளவு இறுக்கமாக இருப்பினும், உள்ளே சென்றவர் என்னவாக வெளிவருவார் என்பதை அதனால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஜமைக்காவிலிருந்து 1914இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நார்மன் மான்லி, பின்னர் மக்கள் தேசியக் கட்சியை நிறுவி, அத்தீவைப் பிரிட்டானிய ஆட்சியிலிருந்து விடுதலைக்கு இட்டுச்சென்ற தலைவர்களில் ஒருவரானார். தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற ஆஃப்ரிகானர் குடும்பமொன்றில் பிறந்து, 1930களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற பிராம் ஃபிஷர், ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் வாதாடிய வழக்குரைஞர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். இனவொதுக்கல் அரசு 1966இல் அவருக்கே ஆயுள் தண்டனை விதித்தது.

ஜெர்மானிய மாணவர்களின் கதை இன்னும் சிக்கலானது. ஜெர்மானியப் பேரரசர் தம் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பாடமாக்கியதை அறிந்த ரோட்ஸ், 1901இல் உயிலில் ஒரு பிற்சேர்க்கை எழுதி ஆண்டுக்கு ஐந்து இடங்களை ஜெர்மனிக்கு அளித்தார். ஆங்கிலம் பேசும் நாடுகளும் ஜெர்மனியும் கல்வியால் நெருங்கினால் போர் நேராது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் போர் நேர்ந்தது. 1916இல் பிரிட்டானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஜெர்மானிய இடங்களை நீக்கியது. 1930இல் அவை குறைந்த எண்ணிக்கையில் மீண்டும் தொடங்கி, 1939இல் மறுபடி நின்று, மூன்றாம் முறையாக 1970இல் உயிர்பெற்றன. இடைக்காலத்தில் வந்தவர்களுள் ஒருவர், 1931இல் பேலியல் கல்லூரியில் சேர்ந்த ஆடம் ஃபொன் டிராட். ஜெர்மானிய வெளியுறவு அலுவலகத்தில் பணியாற்றியபடியே ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்ட அவர், 1944 ஜூலை 20 முயற்சி தோற்றபின் தூக்கிலிடப்பட்டார். போரைத் தடுக்கும் என்று கருதப்பட்ட உதவித்தொகை போரைத் தடுக்கவில்லை. ஆனால் தன் நாட்டரசுக்கு எதிராகத் தன் நாட்டுக்கு உண்மையாக இருந்த ஒருவருக்கு அது இரண்டாண்டுக் காலம் சோறிட்டது.

2015 ஏப்ரல் 9 அன்று கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ரோட்ஸின் சிலை, மாணவர் போராட்டத்தின் விளைவாக அகற்றப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியின் முகப்பில் உள்ள சிலையை நீக்கக் கோரிய கிளர்ச்சியில் ரோட்ஸ் உதவித்தொகையில் பயில்பவர்களும் முன்னணியில் இருந்தனர். அவர் பணத்தில் உண்டுகொண்டே அவரைப் பழிக்கலாமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. ஓரியல் கல்லூரியின் ஆட்சிக்குழு 2020இல் அகற்றும் விருப்பத்தைத் தெரிவித்துவிட்டு, செலவையும் நடைமுறைத் தடைகளையும் காரணம் காட்டி 2021இல் பின்வாங்கியது. செஞ்சோற்றுக்கடன் என்னும் கருத்தில் ஊறிய தமிழ் மனத்துக்கு அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எளிதில் நியாயமாகப்படும். எனினும் அந்தச் சோறு யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில் விளைந்தது என்பது கிம்பர்லிச் சுரங்கங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு ஐயமற்றது. கடன் யாருக்குப் பட்டது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டாலன்றி நன்றி குறித்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ரோட்ஸ் அறக்கட்டளையே தன் நூற்றாண்டையொட்டி மண்டேலா ரோட்ஸ் அறக்கட்டளையை நிறுவப் பொருளுதவி செய்து, ஆப்பிரிக்க மாணவர்க்கு ஆப்பிரிக்காவிலேயே உயர்கல்வி வாய்ப்பை ஏற்படுத்தியதும் இந்தக் கணக்கை ஓரளவு ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்தப் பெயர் இணைப்புக்கு மண்டேலா இசைந்ததை அன்றும் இன்றும் குறைகூறுவோர் உண்டு.

4. கடப்பாடே நினைவாதல்: சிரக்யூஸும் லாக்கர்பியும்

இதுவரை கண்டவற்றில் நினைவுகூரப்பட்டவர்கள் ஆட்சியாளர்களும் செல்வர்களுமே. முற்றிலும் வேறான ஓர் அமைப்பு, அயல்நாட்டில் படித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களின் சாவிலிருந்து பிறந்தது.

1988 டிசம்பர் 21 அன்று மாலை, லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட பான் ஆம் நிறுவனத்தின் 103ஆம் எண் விமானம், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே குண்டுவெடிப்பால் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், எரிபொருளோடு இறக்கைப் பகுதி விழுந்த ஷெர்வுட் கிரசென்ட் தெருவில் 11 பேருமாக 270 பேர் இறந்தனர். அவர்களுள் 35 பேர், நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் லண்டனிலும் ஃப்ளாரன்சிலும் நடத்திய வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் ஒரு பருவம் பயின்று, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிய மாணவர்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூரின் பெண்கள், வயல்வெளிகளில் சிதறிக்கிடந்த இறந்தோரின் ஆடைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து, குடும்பத்தாரிடம் சேர்ப்பித்தார்கள்.

இப்பேரிடருக்குக் கல்லால் ஆன நினைவிடங்களும் உள்ளன: லாக்கர்பியின் டிரைஃப்ஸ்டேல் இடுகாட்டில் ஒரு தோட்டம், ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில், ஸ்காட்லாந்துச் செம்மணற்கற்கள் 270ஐ அடுக்கி 1995இல் எழுப்பிய கற்குவை, சிரக்யூஸ் வளாகத்தில் 1990இல் அமைந்த நினைவுச்சுவர். இவ்வுரைக்கு முதன்மையானவை அவற்றோடு தோன்றிய இரு உதவித்தொகைகள். முதலாவது, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயிலும் 35 மாணவர்க்கு ஆண்டுதோறும் அளிக்கப்படுவது. இரண்டாவது, லாக்கர்பி ஊரின் பள்ளியிலிருந்து இருவரை ஆண்டுதோறும் தேர்ந்து, அட்லாண்டிக் கடந்து சிரக்யூஸில் ஓராண்டு பயில வைப்பது. விமானம் எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே, அது வீழ்ந்த ஊரின் பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள்; இறந்தவர்களால் முடிக்க இயலாமற்போன பயணத்தின் மறுபாதி அது.

முதல் உதவித்தொகையின் கடப்பாட்டு விதி தனித்துக் கவனிக்கத்தக்கது. 35 என்னும் எண் தற்செயலானதன்று. தேர்வுபெற்ற ஒவ்வொருவரும் இறந்த மாணவர் ஒருவரைச் சார்ந்து நிற்கிறார். பல்கலைக்கழக நூலகத்தில் இப்பேரிடருக்கென ஒரு தனி ஆவணக்காப்பகம் உள்ளது. குடும்பங்கள் தந்த கடிதங்கள், நிழற்படங்கள் போன்றவை அங்கே பேணப்படுகின்றன. தாம் சார்ந்து நிற்கும் அந்த ஒருவர் யார், எதைப் படித்தார், எதை விரும்பினார் என்பதை மாணவர் இத்தகைய ஆவணங்களிலிருந்து தேடி அறிய வேண்டும். அக்டோபரில் நடக்கும் நினைவு வாரத்தை அவர்களே திட்டமிடுகிறார்கள். வளாகப் புல்வெளியில் 35 நாற்காலிகளை விமான இருக்கைகளின் அமைவில் இட்டு, அவற்றில் மௌனமாக அமர்கிறார்கள். வெடிப்பு நேர்ந்த மாலை 7.03க்கு இணையான பிற்பகல் 2.03 மணிக்கு நினைவுச்சுவரில் ரோஜா வைக்கிறார்கள். பயங்கரவாதத்தின் காரணங்களைப் பற்றியும், உலகின் பிற பகுதிகளில் நிகழும் வன்முறை குறித்தும் சக மாணவர்க்குக் கற்பிப்பதும் அவர்களின் பொறுப்பு. அடுத்த ஆண்டுக்கான மாணவர் தேர்விலும் அவர்களுக்குப் பங்குண்டு.

புகழ்பாடும் கடமை இங்கு இல்லை என்பதே இவ்விதியின் நுட்பம். புகழ்வதற்கு அந்த இளைஞர்களிடம் சாதனைகளும் இல்லை. இருபது வயதுக்காரர்கள், பாதி படித்தவர்கள், முடிக்காத கட்டுரைகளும் அரைகுறைத் திட்டங்களும் உடையவர்கள். ஆகவே கேட்கப்படுவது ஆய்வு: அறியாத ஒருவரைக் கவனத்தோடு அறிதல். இன்று இந்த உதவித்தொகை பெறுவோர் 1988க்குப் பின்னரே பிறந்தவர்கள்; அவர்களுக்கு இது நினைவாக இருக்க வழியில்லை; கற்றறிந்ததாகவே இருக்க முடியும். நேரில் அறிந்தவர்கள் மறைந்தபின்னும் நினைவு எப்படித் தொடரும் என்ற கேள்விக்கு, ரோட்ஸின் உயில் பண்புகளைப் பட்டியலிட்டு விடை தேடியது. சிரக்யூஸ், ஆவணப்பெட்டியைத் திறந்து ஒருவருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பகிர்ந்து விடை தேடியது. பின்னது நுண்மையானது என்பது இவ்வுரையின் துணிபு. சிறிய எண்ணிக்கையில் மட்டுமே இது இயலும் என்பதும், இறந்தோரின் குடும்பங்கள் தம் துயரின் ஆவணங்களை அந்நியர் கையில் கொடுக்க முன்வந்தமையாலேயே இது நிகழ்ந்தது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. லாக்கர்பியிலிருந்து சென்ற மாணவர் ஒருவர் 2002இல் சிரக்யூஸிலேயே விபத்தில் இறந்தபோது, அவர் பெயரும் அந்த நினைவு வரிசையில் சேர்க்கப்பட்டது. இத்தகைய சேர்க்கைக்கு இடம்கொடுக்கும் நெகிழ்வு கல்வெட்டுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

5. கடனும் பத்திரமும்

இந்தியச் சூழலில் கடப்பாட்டு விதி பெரும்பாலும் பணக் கடப்பாடாகவே வடிவெடுத்தது. ஜம்ஷெட்ஜி டாடா 1892இல் ஏற்படுத்திய வைப்புநிதி, அயல்நாட்டில் உயர்கல்வி பயில்வோர்க்குக் கடனாகவே தொகை வழங்கியது. திரும்ப வரும் பணம் அடுத்தவருக்குப் போகும். நிறுவியவர் உயிரோடிருக்கையில் தொடங்கியமையால் இதை நினைவு உதவித்தொகை என்று கண்டிப்பாகச் சொல்ல இயலாது. ஆயினும் இதன் நுழைவு விதியைக் குறிப்பிடாமல் கடக்க இயலவில்லை. இந்நிதியில் முதலில் அயல்நாடு சென்றவர்கள் ஃப்ரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்னும் இரு பெண் மருத்துவர்கள். ஆண்கள் மட்டுமே என்று ரோட்ஸ் எழுதிய உயிலுக்கு ஏழாண்டுகள் முந்தையது இந்த வைப்புநிதி.

மற்றொரு வகை, பணிப் பத்திரம். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1913இல் பீமராவ் அம்பேத்கருக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில, மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகை அளித்தார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். உதவிக்காலம் முடிந்ததால், லண்டனில் தொடங்கிய படிப்பை நிறுத்திவிட்டு 1917இல் அம்பேத்கர் பரோடா சென்றார். அரசுப் பதவி கிடைத்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. தம் சாதியை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்த அவரைச் சிலர் தடியோடு வந்து வெளியேற்றினர். கொடுத்தவரின் நல்லெண்ணத்தில் குறை இல்லை. வாங்கியவர் கடப்பாட்டை நிறைவேற்ற முன்வந்ததும் உண்மை. அந்தக் கடப்பாட்டை நிறைவேற்றுவதற்கு வேண்டிய ஊரை அந்த ஒப்பந்தம் தரவில்லை. வெளிநாட்டுக் கல்விக்கான உதவித்தொகை ஒருவரைப் போகவைக்கும் செலவைக் கணக்கிடுகிறது. அவர் திரும்பி வரும் இடம் அவரை ஏற்குமா என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் துணையோடும் சொந்தச் சேமிப்போடும் 1920இல் அவர் மீண்டும் லண்டன் சென்று படிப்பை நிறைவுசெய்தார்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அயல்நாட்டில் உயர்கல்வி பயிலத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவி இன்று அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நிறுவியவரின் பெயரை உதவித்தொகைக்கு இடும் வழக்கத்திலிருந்து இது மாறுபட்டு, உதவித்தொகை பெற்றவரின் பெயரை இடுகிறது. 1917ஆம் ஆண்டு பரோடாவை அறிந்தவர்க்கு இந்தப் பெயர் ஒரு வரலாற்று நியாயமாகவே படும்.

6. தொகை எப்போது கையில் சேர்கிறது

வெளிநாட்டுக் கல்விக்கான நினைவு அறக்கட்டளை ஒன்றை நிறுவ எண்ணுவோர் இந்த அவையிலும் இருக்கக்கூடும் என்பதால், ஆவணத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட ஒதுக்கப்படாத ஒரு பொருளைக் குறிப்பிட வேண்டியுள்ளது. நுழைவு விதி சாதியையோ பாலினத்தையோ பற்றிப் பேசாமலே ஏழையை விலக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. அது தொகை வழங்கப்படும் நாள்.

பிரிட்டனுக்கு மாணவர் விசா கோருவோர், கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்ததைப் பொதுவாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை விசா விண்ணப்பத்தோடு முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஜெர்மனி, ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் முன்னதாகவே இடச் சொல்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அரசு, பல்கலைக்கழகம் போன்ற ஏற்கப்பட்ட புரவலரின் கடிதம் இவற்றுக்கு ஈடாகக் கொள்ளப்படும். சிறிய குடும்ப அறக்கட்டளை ஒன்றின் கடிதத்துக்கு அதே மதிப்புக் கிடைக்கும் என்று நம்பியிருக்க இயலாது. இந்நிலையில், சேர்க்கைச் சான்றும் கட்டண ரசீதும் காட்டிய பின்னரே தொகை வழங்கப்படும் என்று எழுதப்பட்ட உதவித்தொகை, முதலில் பணம் போட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளக்கூடிய குடும்பத்துக்கே போய்ச் சேரும். வீட்டை அடமானம் வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ விசாவரை வந்தவருக்கு அது காலங்கடந்த ஈட்டுத்தொகையாகவே அமையும்.

ஆகவே ஆவணம் எழுதுவோர் நான்கைக் கருதலாம். தேர்வு முடிவு, விசா விண்ணப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக வெளிவர வேண்டும். தொகையில் ஒரு பகுதி, விசா விண்ணப்பத்துக்கு முன்பே மாணவர் கணக்கில் சேர வேண்டும். விசா மறுக்கப்பட்டால் செலவழிந்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாகாது. சிறிய அறக்கட்டளையாயின், ஏற்கப்பட்ட புரவலராகக் கருதப்படும் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியே தொகையை வழங்குவதற்கு முதலிலேயே உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். பெயர்ப்பலகையின் அளவு, விழா நாள், மாலையிடும் முறை ஆகியவற்றுக்கு இரண்டு பக்கம் எழுதும் ஆவணங்களில், இந்த நான்குக்கும் அரைப் பக்கம் போதும்.